பயணச் செலவைக் கண்காணிக்க ஆகும் செலவு, பயணச் செலவையே மிஞ்சிவிடுமா?

பேரேடு எழுதியது:

அரசு ஊழியர்களின் அலுவல் பயணச் செலவு குறித்துத் தகவல் திரட்டி வருகிறேன். அதன் ஒரு பகுதியாக ஓர் அரசுத் துறையிடம் மூன்று விவரங்களை எழுத்து மூலம் கேட்டிருந்தேன். கடந்த சில நிதியாண்டுகளில் ஊழியர்களின் விமானப் பயணத்துக்கு ஆன மொத்தச் செலவு எவ்வளவு, அவற்றில் உயர்வகுப்பில் சென்ற பயணங்கள் எத்தனை, புறப்படும் நாளுக்கு எவ்வளவு முன்னதாகச் சீட்டு எடுக்கப்பட்டது என்பனவே அவை. முதல் கேள்விக்கு ஒரே வரியில் ஒரு தொகை வந்தது. மற்ற இரண்டும் தனியே தொகுக்கப்படவில்லை என்றும், செலவைக் கோரி ஊழியர்கள் கொடுத்த ஒவ்வொரு பயணப்படிப் பட்டியலையும் எடுத்துப் பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றும், அதற்குச் செலவாகும் ஆள்நேரம் கிடைக்கப்போகும் பயனுக்கு ஈடாகாது என்றும் பதில் சொல்லிவிட்டார்கள்.

இதே துறையில், பேருந்துச் சீட்டு ஒன்று இணைக்கப்படவில்லை என்பதற்காக ஊழியரின் பட்டியலைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று அங்கே பணிபுரியும் உறவினர் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சீட்டு சீட்டாகச் சரிபார்க்கும் அளவுக்கு ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் எத்தனை பேர் உயர்வகுப்பில் பறந்தார்கள் என்று சொல்ல ஆட்கள் இல்லை என்றால், எதைக் கண்காணிப்பதற்காக இத்தனை சரிபார்ப்பு நடக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

துறை சொல்லும் காரணம் உண்மையானதுதானா, அல்லது கைகழுவும் வழியா? பயணச் செலவைச் சரிபார்க்க ஆகும் செலவை எங்கேனும் முறையாக அளந்து வெளியிட்டிருக்கிறார்களா? கணக்கு, தணிக்கைத் துறைகளில் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மேலொப்பம் எழுதியது:

ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில், பயணப்படிப் பட்டியல்களைச் சரிபார்க்கும் இருக்கையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். துறை தந்த பதில் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்த உண்மை துறைக்குப் பெருமை சேர்ப்பதன்று.

ஒரு பட்டியல் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். பயணம் முடிந்து திரும்பிய ஊழியர், புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், சென்ற வாகனம், வகுப்பு, கட்டணம், பயணத்தின் நோக்கம் ஆகியவற்றைப் படிவத்தில் நிரப்பி, பயண ஆணை, சீட்டு, விமானமானால் போர்டிங் பாஸ், தங்கும் விடுதியின் ரசீது ஆகியவற்றை இணைத்துக் கொடுப்பார். மேலதிகாரி மேலொப்பமிட்ட பிறகு அது கணக்குப் பிரிவுக்கு வரும். அவருடைய ஊதிய நிலைக்கு அந்த வகுப்பு அனுமதிக்கப்பட்டதா, பட்டியலில் உள்ள தேதிகள் வருகைப் பதிவேட்டோடு ஒத்துப்போகின்றனவா, இடையில் சொந்த விடுப்பு ஏதும் எடுத்தாரா, விடுதிக் கட்டணத்திலேயே உணவும் சேர்ந்திருக்கும்போது தினப்படியை முழுதாகக் கோரியிருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். விடுதி ரசீதில் இருவர் தங்கியதாக இருந்தால் விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்புவோம். அந்த ஊழியர் அதற்குள் வேறு பயணத்தில் இருப்பார். அவர் திரும்பி வந்து, உடன் தங்கியவர் இன்னோர் அலுவலர் என்று எழுதிக் கொடுத்து, அந்த அலுவலரின் பட்டியலையும் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் முதல் பட்டியல் நகரும். கைவிட்டுப் போவது சின்னத் தொகையாக இருக்கலாம். ஆனாலும் அதை விட்டுவிட்டுப் பின்னாளில் தணிக்கைத் தடை (தணிக்கையாளர் எழுப்பும் ஆட்சேபம்) வந்தால், பதில் எழுத வேண்டியவர் அந்த இருக்கையில் இருப்பவர்தான். ஆகவே எவரும் விடமாட்டார்கள்.

இவ்வளவும் முடிந்து தொகை வழங்கப்படும்போது கணக்கில் ஏறுவது என்ன தெரியுமா? தேதி, ஊழியரின் எண், எந்த வகைச் செலவு என்று குறிக்கும் கணக்குத் தலைப்பு, தொகை, அவ்வளவுதான். விமானம், ரயில், வாடகைக் கார், தினப்படி எல்லாம் பல இடங்களில் ஒரே தலைப்பின் கீழ்ப் போய்விடும். தாங்கள் கேட்ட வகுப்பு படிவத்தில் இருக்கிறது, பேரேட்டில் இல்லை (புனைபெயர் கோபித்துக்கொள்ள வேண்டாம்). கணினிமயமாக்கிய இடங்களிலும், சீட்டை ஸ்கேன் செய்து படமாக இணைப்பதோடு நிறுத்திவிட்டால் நிலைமை மாறாது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைக் கூட்டிக் கழிக்க முடியாது என்பதால், ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

ஆகவே ஆள்நேரம் மிகுதியாகும் என்று அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் வகுப்புக்கும் சீட்டு எடுத்த தேதிக்கும் மென்பொருளில் இரண்டு கட்டங்களைத் தொடக்கத்திலேயே வைத்திருந்தால், நிரப்பும்போது ஊழியருக்குச் சில நொடிகளே கூடுதலாக ஆகியிருக்கும். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல விரும்புகிறோம் என்று யோசிக்காமல், எந்தத் தணிக்கைத் தடையைத் தவிர்க்க வேண்டும் என்று மட்டும் யோசித்து வடிவமைத்த முறை அது. அதன் விளைவாக, தனிப்பட்ட பட்டியல் எதையும் எவராலும் குறை சொல்ல முடியாது, ஆனால் மொத்தப் பட்டியல்கள் என்ன சொல்கின்றன என்பதும் எவருக்கும் தெரியாது.

செலவு எவ்வளவு என்ற தங்களுடைய இரண்டாவது கேள்விக்கு ஒன்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். கணக்குப் பிரிவின் சம்பளம் மட்டும் அந்தச் செலவு அன்று. படிவம் நிரப்பும் ஊழியரின் நேரமும், மேலொப்பமிடும் அதிகாரியின் நேரமும் எந்தத் தலைப்பிலும் காட்டப்படுவதில்லை. உண்மையான செலவின் பெரும்பகுதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

சில்லறை எழுதியது:

அளந்து வெளியிட்டிருக்கிறார்கள், பேரேடு அவர்களே. வெளிவந்த எண்களைப் பார்த்தால் சற்றுத் திகைப்பாகவே இருக்கும்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் அலுவல் பயணம் குறித்து, அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 1995இல் ஓர் அறிக்கை அளித்தது. பயணத்துக்கு ஆகும் நேரடிச் செலவில் 30 விழுக்காடு வரை அதை அனுமதிப்பதிலும் சரிபார்ப்பதிலும் பட்டுவாடா செய்வதிலுமே போய்விடுகிறது என்றும், தனியார் துறையில் இதன் சராசரி 10 விழுக்காடு என்றும், சிறப்பாக நடத்தும் நிறுவனங்களில் 6 விழுக்காடுதான் என்றும் அது சுட்டிக்காட்டியது. இதைச் சரிசெய்யவே துறை முழுமைக்கும் ஒரே கணினி முறை கொண்டுவரப்பட்டது. ஆனால் அந்த முறையால் மிச்சமாகும் என்று துறை சொன்ன கணக்கே ஐயத்துக்குரியது என்று அதே தணிக்கை அமைப்பு 2006இல் எழுதியது தனிக்கதை.

பிரிட்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் படிகள் குறித்த விவரங்கள் 2009இல் நாளிதழ் ஒன்றில் வெளியாகிப் பெரும் கொந்தளிப்பு எழுந்தது நினைவிருக்கலாம். அதன் பின் சர் தாமஸ் லெக் என்பவர் இரண்டாம் வீட்டுக்கான படிகளைப் பின்னோக்கி ஆராய்ந்து, யார் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று 2010இல் அறிக்கை தந்தார். மேல்முறையீடுகளுக்குப் பிறகு திருப்பிக் கட்டச் சொன்ன தொகை ஏறத்தாழ 11.2 லட்சம் பவுண்டு. ஆய்வுக்கு ஆன செலவு ஏறத்தாழ 11.6 லட்சம் பவுண்டு. பிறகு படிகளை வழங்கத் தனிச் சட்டத்தின் கீழ் ஒரு சுயேச்சை ஆணையம் அமைக்கப்பட்டு, 2010 மே மாதம் பணியைத் தொடங்கியது. அதன் முதல் ஆண்டுப் பணியை ஆராய்ந்த தேசியத் தணிக்கை அலுவலகம், வந்த கோரிக்கைகளில் 38 விழுக்காட்டின் தொகை, ஒரு கோரிக்கையைப் பரிசீலிக்க ஆகும் சராசரிச் செலவைவிடக் குறைவு என்று 2011இல் கண்டது. அதாவது, கேட்டதைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்திருந்தால்கூட அந்தக் கோரிக்கைகளில் பொதுப்பணம் மிஞ்சியிருக்கும்.

கனடாவில் இன்னும் மோசம். அங்கே தலைமைத் தணிக்கையாளர் மேலவை உறுப்பினர்களின் பயணம் முதலான செலவுகளை ஈராண்டு காலத்துக்கு முழுமையாக ஆராய்ந்து 2015 ஜூனில் அறிக்கை வெளியிட்டார். இந்நாள், முன்னாள் உறுப்பினர்களாக 30 பேரின் கணக்குகளில் கேள்விக்குரியவை என்று அவர் காட்டிய மொத்தத் தொகை பத்து லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. தணிக்கைக்கோ 2.3 கோடி டாலருக்கும் மேல் செலவாயிற்று.

இந்த எண்களை வைத்துக்கொண்டு, கண்காணிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சரிபார்ப்பது என்ற பிடிவாதம்தான் வேண்டாம் என்கிறேன். குறிப்பிட்ட தொகைக்குக் கீழ்ப்பட்டவற்றை உடனே வழங்கிவிட்டு, அவற்றில் மாதிரிக்குச் சிலவற்றை மட்டும் குலுக்கலில் எடுத்து ஆழமாகச் சோதிப்பதும், பெருந்தொகைகளை மட்டும் முழுதாகப் பார்ப்பதும் போதும். அமெரிக்கக் கூட்டரசின் பயண விதிகளில் தங்கும் செலவுக்கும், 75 டாலருக்கு மேற்பட்ட தனிச் செலவுகளுக்கும்தான் பொதுவாக ரசீது கட்டாயம். உணவுக்கும் சில்லறைச் செலவுகளுக்கும் ஊர்வாரியாக நிர்ணயித்த தினப்படி உண்டு. புறப்படும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் அதில் 75 விழுக்காடு. காலைச் சிற்றுண்டிக்கு ரசீது எங்கே என்று அங்கே எவரும் கேட்பதில்லை.

நாட்குறிப்பு எழுதியது:

நண்பர் சில்லறை தந்த எண்களை நான் மறுக்கவில்லை. அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவைத்தான் ஏற்க முடியவில்லை.

மீட்ட தொகையையும் தேடிய செலவையும் தராசின் இரு தட்டுகளில் வைத்தால், எந்தக் கண்காணிப்பும் நட்டமாகவே தெரியும். சரிபார்ப்பு நன்றாக நடக்கும் இடத்தில் தவறான கோரிக்கைகள் வருவதே குறைந்துவிடும் என்பதால், மீட்பதற்கு ஒன்றும் இராது. அப்போது அந்தப் பிரிவு ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லையே என்று சொல்லி அதை மூடிவிட்டால், அடுத்த ஆண்டு என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பார்க்க வேண்டியது, கண்காணிப்புக்கு முன்பும் பின்பும் மொத்தச் செலவு எப்படி மாறியது என்பதை. லெக் ஆய்வும் கனடாத் தணிக்கையும் நடந்து முடிந்தவற்றைப் பின்னோக்கித் தோண்டிய வேலைகள். ஆண்டுக்கணக்கில் எவரும் கேள்வி கேட்காமல் விட்டதற்கான வட்டியும் அந்தச் செலவில் அடக்கம் என்றுதான் நான் கொள்கிறேன். மேலும் அவை தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் நியமிக்கப்பட்டவர்களும் பெற்ற படிகள். மேலொப்பம் விவரித்தது போன்ற அலுவலக வழிமுறை அவர்களுக்கு அதே கண்டிப்போடு இருந்ததில்லை. அவர்களுடைய கணக்கை அப்படியே எடுத்து, கீழ்நிலை ஊழியர்களின் பயணப்படிக்குப் பொருத்துவது சரியாகாது.

நிலையான தினப்படியிலும் ஓட்டை உண்டு. ரசீது கேட்கும் முறையில் ஊழியர் தொகையைக் கூட்டுவார். தினப்படி முறையில் நாட்களைக் கூட்டுவார். வெள்ளிக்கிழமை மாலையே முடிந்துவிட்ட பணிக்குத் திங்கட்கிழமை காலையில் திரும்பியதாக எழுதினால், எந்த ரசீதும் அதைக் காட்டிக்கொடுக்காது. அதைவிடப் பெரிய கேள்வி, அந்தப் பயணமே தேவைதானா என்பது. காணொலியில் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கக்கூடிய ஆய்வுக் கூட்டத்துக்கு நால்வர் விமானத்தில் சென்று வந்தால், நால்வருடைய பட்டியல்களும் விதிப்படி முற்றிலும் சரியாகவே இருக்கும். கணக்குப் பிரிவு எத்தனை கவனமாக இருந்தாலும் அந்த விரயம் அதன் கண்ணில் படாது, ஏனெனில் பயண ஆணை முறைப்படி பிறப்பிக்கப்பட்டிருக்கிறது. பயணத்துக்கு முன் அனுமதி தரும் அதிகாரி, இது எதற்கு என்று கேட்பதுதான் இருப்பவற்றிலேயே செலவு குறைந்த கண்காணிப்பு. நடைமுறையில் மிக அரிதாக நடப்பதும் அதுவே.

கனடா அரசு 2003ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அமைச்சர்கள், மூத்த அதிகாரிகள் ஆகியோரின் பயணச் செலவையும் விருந்தோம்பல் செலவையும் எவரும் கேட்காமலேயே வெளியிட்டு வருகிறது. இன்ன பயணம் இன்ன நோக்கத்துக்கு என்று தன் பெயருக்கு நேரே பொதுவில் வரும் என்று தெரிந்தால், அனுமதிக் கடிதத்தில் கையொப்பமிடும்போதே ஒரு நிதானம் வரும். இதற்கு ஆகும் செலவைத் தனித்தனி விண்ணப்பங்களுக்குப் பதில் எழுதும் செலவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நியாயமான கணக்கு.

பேரேடு எழுதியது:

மூவருக்கும் நன்றி. நண்பர் நாட்குறிப்பு சொன்ன, மீட்ட தொகையைக் கொண்டு அளக்கக் கூடாது என்ற கருத்து எனக்கு ஏற்புடையதாகவே படுகிறது. ஆனாலும் 38 விழுக்காடு என்ற எண் உறுத்துகிறது. தவறாகக் கோருவோரிடம் அச்சத்தை உண்டாக்க ஒவ்வொரு சீட்டையும் பார்த்தாக வேண்டுமா, குலுக்கலில் எடுத்த சிலவற்றைப் பார்த்தாலே அதே அச்சம் வராதா என்று கேட்கத் தோன்றுகிறது.

இப்போதைக்கு எனக்கு வேண்டியது நடைமுறை யோசனை. தொகுக்க முடியாது என்று ஒருமுறை சொல்லிவிட்ட துறையிடம் மீண்டும் எப்படிக் கேட்பது? இத்தகைய மறுப்புக்குச் சட்டத்தில் வரம்பு ஏதும் உண்டா?

மேலொப்பம் எழுதியது:

குலுக்கல் முறையிலும் அச்சம் வரும், ஒரு நிபந்தனையோடு. குலுக்கலில் சிக்கிய பட்டியலில் தவறு இருந்தால், அந்த ஊழியரின் முந்தைய பட்டியல்கள் அனைத்தையும் திறந்து பார்ப்போம் என்று முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். அப்படி இல்லாமல் அந்த ஒரு தொகையை மட்டும் பிடித்தம் செய்துவிட்டு விட்டுவிட்டால், அதையும் ஒரு செலவாகக் கருதிக்கொண்டு போகிறவர்கள் இருப்பார்கள்.

சட்ட வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனின் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ், நடுவண் அரசுத் துறைகளுக்கு 600 பவுண்டு, மற்றப் பொது அமைப்புகளுக்கு 450 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள்; தகவலைத் தேடித் தர ஆகும் செலவு அதை மீறினால் மறுக்கலாம். ஊழியரின் ஒரு மணி நேரத்துக்கு 25 பவுண்டு என்று கணக்கிட வேண்டும் என்பதால், இவை முறையே 24 மணி நேரமும் 18 மணி நேரமும் ஆகும். விவரம் தம்மிடம் உள்ளதா என்று பார்ப்பது, தேடுவது, எடுப்பது, அதிலிருந்து பிரித்தெடுப்பது ஆகிய வேலைகளை மட்டுமே இந்தக் கணக்கில் சேர்க்கலாம். தரலாமா கூடாதா என்று ஆலோசிக்கும் நேரத்தைச் சேர்க்க முடியாது. இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இப்படிப்பட்ட தொகை வரம்பு இல்லை. அதன் 7(9) பிரிவு, கேட்ட வடிவத்திலேயே தகவலைத் தருவது அலுவலகத்தின் ஆள்பலத்தையும் வளங்களையும் அளவுக்கு மீறித் திசைதிருப்பும் என்றால், அந்த வடிவத்தில் தராமலிருக்க இடம் தருகிறது. வடிவத்தைப் பற்றிப் பேசும் அந்தப் பிரிவைத் தகவலையே மறுப்பதற்கான காரணமாகக் காட்டினால், மேல்முறையீட்டில் அதைத் தாராளமாக எதிர்க்கலாம். தங்களுக்கு எந்தச் சட்டம் பொருந்துமோ அதில் இந்த வேறுபாட்டைத் தேடிப் பாருங்கள்.

இனி, கேட்கும் விதம். பட்டியல்களிலிருந்து தொகுத்துத் தரும்படி மீண்டும் கேட்காதீர்கள்; அதே பதில்தான் வரும். ஊழியர்களின் விமானச் சீட்டுகளைப் பதிவு செய்து தரும் பயண முகவர் யார், அவரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அவர் துறைக்கு அனுப்ப வேண்டிய காலமுறை அறிக்கைகள் எவை, அவற்றின் நகல் என்று கேளுங்கள். முகவர் எழுப்பும் கட்டணப் பட்டியலிலும் அறிக்கையிலும் புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர், வகுப்பு, பதிவு செய்த தேதி, பயணத் தேதி, கட்டணம் ஆகியவை வரிசை வரிசையாக இருக்கும், ஏனெனில் அவை இல்லாமல் அவரால் பணம் வாங்க முடியாது. தாங்கள் தேடும் இரண்டு விவரங்களும் துறையின் கணக்கில் இல்லாவிட்டாலும், துறை மாதந்தோறும் பெற்றுக் கோப்பில் போட்டுவிடும் இந்தத் தாள்களில் இருக்க வாய்ப்பு மிகுதி. அலுவலகப் பயண அட்டையில் செலவிடும் முறை இருந்தால், வங்கி அனுப்பும் மாதாந்திரக் கணக்கையும் சேர்த்துக் கேட்கலாம், ஆனால் அதில் பெரும்பாலும் வகுப்பு இருக்காது.

முழுக் காலத்துக்கும் கேட்காமல் முதலில் ஒரே ஒரு மாதத்துக்குக் கேளுங்கள். ஊழியர்களின் பெயர்களை மறைத்துவிட்டு, பதவி நிலையை மட்டும் காட்டினால் போதும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். தனியுரிமையைக் காட்டி மறுக்கும் வழி அதோடு பெருமளவு அடைபடும். கூடவே, பயணப்படி மென்பொருளில் நிரப்பப்படும் கட்டங்களின் பெயர்ப் பட்டியலையும் கேட்டுவிடுங்கள். வகுப்பு என்ற கட்டம் அதில் இருந்தால், தொகுக்க இயலாது என்ற முதல் பதிலே நிற்காது. இல்லாவிட்டால், அதைச் சேர்க்க வேண்டும் என்று துறைத் தலைமைக்கு எழுதத் தங்களிடம் ஓர் ஆவணம் இருக்கும்.